‘சத்தி’ என்று அவர் சொன்னபோது

மருத்துவ மேற்படிப்பின் இரண்டாம் ஆண்டில், வேறோர் ஊரில், ஒரு பெரிய மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் நான் அமர்ந்திருந்தேன். திங்கட்கிழமை. வரிசை வாசலைத் தாண்டி மாடிப்படி வரை நீண்டிருந்தது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் சீட்டை நீட்டினார். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் சில ஆண்டுகளாக மாத்திரை உட்கொள்பவர். “சத்தியும் தலையிடியுமா இருக்கு, டொக்டர். ஒண்டும் ஏலாமக் கிடக்கு” என்றார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. சத்தி என்பதைச் சக்தி என்று என் காது தானாகவே திருத்திக்கொண்டது. உடலில் சக்தி இல்லை, தலை வலிக்கிறது, எதுவும் இயலவில்லை. சீட்டில் ‘சோர்வு’ என்று எழுதினேன். சத்து மாத்திரை கொடுத்து, பழைய மாத்திரைகளை விடாமல் தொடரச் சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அவரை இருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். உடன் வந்த ஒரு பள்ளி மாணவி, பக்கத்து வீட்டுப் பிள்ளை, என்னிடம் தெளிவாகச் சொன்னாள்: “அவங்க ஆறு நாளா வாந்தி எடுத்துட்டே இருக்காங்க சார். எங்க ஊர்ல வாந்தியைச் சத்தின்னு சொல்லுவோம்.” நாக்கு வறண்டிருந்தது. சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டிருந்தது. உடலில் நீர் வற்றிய நிலையில், நான் தொடரச் சொன்ன அதே மாத்திரைகள் சிறுநீரகத்திற்குச் சுமையாகியிருந்தன. இரண்டு முறை இரத்தச் சுத்திகரிப்பு செய்ய நேர்ந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அவருடைய சிறுநீரகங்கள் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பவேயில்லை.

அவர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்தவர் என்பது அந்த முதல் நாளே சீட்டில் முகவரியாக எழுதப்பட்டிருந்தது. நான் படிக்கவில்லை.

இந்தச் செய்திமடலில் நோய்களைப் பற்றியும் மாத்திரைகளைப் பற்றியும் பலமுறை எழுதியிருக்கிறேன். இம்முறை ஒரு குடியிருப்பைப் பற்றி எழுதுகிறேன். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் லேனாவிளக்கிலும், ஆலங்குடிப் பக்கம் தோப்புக்கொல்லையிலும், அறந்தாங்கிப் பக்கம் அழியாநிலையிலும் இத்தகைய முகாம்கள் உள்ளன. அங்கிருந்து நம்மிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களும், வெளியே அவர்களோடு ஒரே விசிப்பலகையில் அமர்ந்து காத்திருக்கும் உள்ளூர்க்காரர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஒரு முகாமில் பல ஊர்கள்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முகாம் என்பது ஒரே மக்கள், ஒரே கதை. அருகில் சென்றால் அப்படியில்லை. ஒரு வரிசையில் மன்னார்க் கரையிலிருந்து வந்த கத்தோலிக்க மீனவக் குடும்பம் இருக்கும். அடுத்த வீட்டில் வவுனியாவில் வயல் வைத்திருந்தவர், எதிரே திருகோணமலைக்காரர், அதற்கும் அப்பால் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதலில் வன்னிக்கும் பின்னர் இங்கும் இடம்பெயர்ந்தவர். பேச்சு வேறு, சமையல் வேறு, கும்பிடும் தெய்வம் வேறு, சாதி வேறு. அங்கே ஒருவரையொருவர் ஒருபோதும் சந்தித்திருக்க மாட்டார்கள். இங்கே ஒரே குழாயடியில் நிற்கிறார்கள்.

மலையகக் குடும்பங்களின் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டுக் கங்காணிகளின் பின்னே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றவர்களின் வழிவந்தோர் இவர்கள். பிற்காலத்தில் சென்றவர்களைக் கடல் கடக்கும் முன் மண்டபத்தில் நிறுத்தி வைத்தார்கள். பிளேக்கும் காலராவும் அம்மையும் தீவுக்குள் நுழையாதிருக்க, இலங்கை அரசே அங்கு ஒரு நோய்த்தடுப்பு முகாமை நடத்தியது. 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அங்கேயே தங்கியவர்களில் பலர் 1977 வன்முறைக்குப் பின் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடிபெயர்ந்தனர். அங்கும் போர் வந்தது. படகேறி இராமேசுவரம் வந்திறங்கியவர்களை அரசு முதலில் கொண்டு சேர்த்த இடமும் அதே மண்டபம்தான். பாட்டனை நோய்த்தொற்றுக்காகத் தடுத்து வைத்த இடத்தில் பேரனுக்கு அகதி அட்டை கொடுக்கப்பட்டது.

ஒருமுறை என் முன் அமர்ந்திருந்த முதியவர், தம் பூட்டனார் விராலிமலைப் பக்கத்துக்காரர் என்று சொன்னார். அருகே நின்ற செவிலியர் அதே பக்கத்தைச் சேர்ந்தவர். இருவரும் ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். அன்று அவருடைய இரத்த அழுத்தம் சற்றே குறைவாக இருந்ததை மருந்தின் வெற்றி என்று நான் எழுதிக்கொள்ளவில்லை.

1983 முதல் அலை அலையாக, குறிப்பாக 1990-இலும் 1996-இலும் 2006-க்குப் பின்னும், ஏறத்தாழ 3,04,000 பேர் தமிழ்நாட்டிற்கு வந்தனர். 2021-இல் அரசு சட்டமன்றத்தில் தந்த கணக்கின்படி ஏறத்தாழ 59,000 பேர் முகாம்களிலும் 34,000 பேர் வெளியிலும் வாழ்ந்துகொண்டிருந்தனர். தற்காலிகம் என்று போட்ட முகாமில் மூன்றாம் தலைமுறை தவழ்கிறது. தற்காலிகமாக இருந்தால் வடிகால் எதற்கு, கழிப்பறை எதற்கு என்பதே நெடுங்காலம் நிலவிய எண்ணம். இதில் மருத்துவனாக எனக்கு ஒரு கருத்து உண்டு. ஒரு மனிதரை முப்பதாண்டுகள் தற்காலிகமானவர் என்று சொல்லி வைத்திருந்தால், அவருடைய நோய்களும் தற்காலிகமானவை என்றே அவரும் நாமும் நம்பத் தொடங்கிவிடுகிறோம். சர்க்கரை நோய் அப்படி நம்பப்படுவதை ஏற்காது.

சொல் ஒன்று, பொருள் இரண்டு

சத்தி எனக்குப் பாடம் புகட்டியபின் நான் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன். தலையிடி என்றால் தலைவலி, தடிமன் என்றால் சளி, குளிசை என்றால் மாத்திரை என்பன எளியவை. ‘நோகுது’ என்பதும் புரிந்துவிடும். ஆனால் ‘உழைவு’ என்று ஒருவர் சொன்னால் அது வேலையைக் குறிப்பதன்று. கை கால்களில் குடைந்தெடுக்கும் வலி. பாரசிட்டமாலைப் பலர் இன்றும் பனடோல் என்றே கேட்கிறார்கள். மருந்துக்கடையில் அந்தப் பெயர் இல்லை என்றதும், தமக்கு வேண்டிய மருந்து இந்த நாட்டில் கிடைக்காது என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிய ஒரு பாட்டியை எனக்குத் தெரியும்.

எல்லாவற்றிலும் நான் தாமதமாகக் கற்ற சொல் ‘யோசனை’. நமக்கு யோசனை என்றால் ஒரு கருத்து, ஒரு வழி. “எனக்கு ஒரே யோசனை, டொக்டர்” என்று ஒரு தாய் சொன்னபோது அவருக்கு ஏதோ திட்டம் தோன்றியிருக்கிறது என்று நினைத்தேன். அவர் சொன்னது ஓயாத கவலையை. உறக்கமின்மை, பசியின்மை, விடியற்காலை விழிப்பு என்று தொடர்ந்து கேட்டிருந்தால் அன்றே மனச்சோர்வு என்று கண்டிருப்பேன். நெஞ்சில் ‘பதகளிப்பு’ என்று வருகிறவர்களுக்கு இதயப் பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும். அது சரியாக இருந்தால் அத்தோடு விட்டுவிடவும் கூடாது. படகில் வந்த இரவைப் பற்றி அவர்கள் பேச விரும்புகிறார்களா என்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி மனிதரில் மட்டுமன்றிச் சமூகத்தின் உறவுகளிலும் பதிகிறது என்றும், ஆகவே ஆற்றுதலும் சமூகத்தின் வழியே நிகழ வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். நம் மாவட்டத்துக் குடும்பங்களைப் பார்த்தபின் அதன் பொருள் எனக்கு விளங்கியது. மன உளைச்சலுக்கு உதவி வேண்டுவோர் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச அரசுச் சேவை அது.

உணவு அறிவுரையிலும் இதே இடறல்தான். கேழ்வரகு சாப்பிடுங்கள் என்று அச்சிட்ட தாளைக் கொடுக்கிறோம். அவர்களுக்கு அது குரக்கன். இட்லி எத்தனை, தோசை எத்தனை என்று தாள் சொல்கிறது. அவர்கள் வீட்டில் புட்டும் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் சம்பலும். மலையகக் குடும்பமானால் கோதுமை மாவு ரொட்டியும், நாளொன்றுக்கு ஐந்தாறு முறை சர்க்கரையிட்ட பிளேன்டீயும். அந்தத் தேநீரைப் பற்றி எவரும் கேட்பதில்லை. பால் இல்லாததால் அதை அவர்கள் உணவுக் கணக்கில் சேர்ப்பதுமில்லை. ஒருவருக்கு அந்தச் சர்க்கரையை மட்டும் நிறுத்தியதில் இன்சுலின் அளவைக் குறைக்க முடிந்தது.

பத்துக்குப் பத்து

பழைய முகாம் வீடு பத்தடிக்குப் பத்தடி. அதற்குள் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு. பொதுக் கழிப்பறை தொலைவில். இருட்டியபின் அங்கே செல்ல அஞ்சும் பெண்கள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். மீண்டும் மீண்டும் சிறுநீர்த் தொற்றோடு வந்த ஓர் இளம்பெண்ணுக்கு நான் மூன்று விதமான நுண்ணுயிர்க்கொல்லிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். நான்காம் முறை “இரவில் தண்ணீர் குடிக்கிறீர்களா?” என்று கேட்ட பிறகே காரணம் புரிந்தது. அதற்கு மருந்து என் மேசையில் இல்லை. கதவுள்ள ஒரு கழிப்பறையும் ஒரு விளக்கும்தான் மருந்து.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பழுதடைந்த 7,469 வீடுகளுக்குப் பதிலாகப் புது வீடுகள், முதற்கட்டமாக 3,510, என்றும் அறிவித்தது. குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும், ஏனைய பெரியவர்களுக்கு 1,000 ஆகவும், சிறுவர்க்கு 500 ஆகவும் உயர்ந்தது. புது வீட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தில், அடிக்கடி மூச்சிரைப்போடு வந்த சிறுவன் இப்போது எப்போதோ ஒருமுறைதான் வருகிறான். சமையலறை தனியாகிவிட்டது, புகை அவன் படுக்கைக்கு வருவதில்லை. ஒரு குடும்பத்தை வைத்து நான் பொதுவிதி சொல்லவில்லை. ஆயினும் அந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் என்னைவிட நல்ல சிகிச்சை செய்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்வதுண்டு.

ஆண்களில் மிகப் பலருக்குத் தொழில் பெயிண்டிங். இதைத் தனியே சொல்ல வேண்டும். பழைய சுவரைச் சுரண்டும்போதும் உப்புத்தாள் தேய்க்கும்போதும் எழும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய சுவர்கள் எங்கும் நிற்கின்றன. அந்தத் தூசி சட்டையோடு வீட்டுக்கு வருகிறது. குழந்தை அந்தச் சட்டையைத்தான் கட்டிப்பிடிக்கிறது. வேலை முடிந்ததும் அங்கேயே கை முகம் கழுவி, உடை மாற்றி, வேலை உடையைத் தனியே துவையுங்கள். சுவரை ஈரப்படுத்திக்கொண்டு தேய்த்தால் தூசி குறையும். தின்னரால் கை கழுவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தீராத வயிற்றுவலி, காரணமற்ற சோகை, குழந்தைக்குப் படிப்பில் கவனக்குறைவு என்று எது இருந்தாலும் “என் வீட்டில் பெயிண்டர் இருக்கிறார்” என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறக்கலாம்.

செக்கிங் நாளும் மீள்வருகை நாளும்

என் நோயாளிகளில் சிலர் நான் குறித்த நாளில் வராமல் நான்கைந்து நாள் கழித்து வருவார்கள். மாத்திரை தீர்ந்து, சர்க்கரை ஏறி, தலைகுனிந்து நிற்பார்கள். அலட்சியம் என்று கடிந்திருக்கிறேன். முகாமில் குறித்த நாள்களில் அதிகாரிகள் வந்து ஆள்களை நேரில் பார்த்துக் கணக்கெடுப்பார்கள் என்றும், அதைச் செக்கிங் என்பார்கள் என்றும், அந்நாளில் இல்லாதவர்க்குப் பணக்கொடை நின்றுபோகும் அச்சம் உண்டு என்றும் எனக்கு எவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர்கள் பணத்தையும் சர்க்கரையையும் எடை போட்டுப் பணத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 1,500 ரூபாயில் மாதம் நடத்தும் குடும்பம் வேறு என்ன செய்யும்?

இதற்கு வழி கண்டது நான் அல்லன். ஒரு முகாமின் மகளிர் குழு. முன்பு அவர்கள் கூடியது சிறுசேமிப்புக்கும் கடனுக்கும் மட்டும். ஒரு மழைக்காலத்தில் வடிகால் அடைத்துக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, மன்னார் வரிசை, வவுனியா வரிசை, தோட்டத்து வரிசை என்று பிரிந்து கிடந்த பெண்கள் சேர்ந்து கால்வாயைத் தூர்வாரினார்களாம். அடுத்து ஊராட்சி அலுவலகத்திற்கு ஒன்றாகச் சென்றார்கள். உள்ளூர்க் கிராமத்துப் பெண்களும் உடன் சென்றார்கள், ஏனெனில் அதே வடிகால் அவர்கள் தெருவுக்குத்தான் போய்ச் சேர்கிறது. அதற்குமுன் குழாயடியில் இரு சாராருக்கும் சண்டை நடந்ததும் உண்டு என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

அந்தக் குழுவிடம் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. யாருக்கு எந்த மருத்துவமனையில் எந்த நாள் மீள்வருகை, யாருக்கு இன்சுலின் எப்போது தீரும், யாருக்குக் கர்ப்பப் பரிசோதனை என்பன அதில் உள்ளன. செக்கிங் நாள்கள் சிவப்பு மையில். ஒரே நாளில் வர வேண்டிய நால்வரை ஒரே ஆட்டோவில் ஏற்றுகிறார்கள். கட்டணம் நான்கில் ஒன்றாகிறது. இரண்டு தமிழும் தெரிந்த ஒருவர் கூட வருகிறார். பெரும்பாலும் அது இங்கே பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, வீட்டில் ‘கதைக்கிற’ பெண்ணாகவும் பள்ளியில் ‘பேசுற’ பெண்ணாகவும் வளர்ந்த ஓர் இளம்பெண். நான் செய்தது ஒன்றே. அவர்கள் சொன்ன கிழமைக்கு மீள்வருகையை மாற்றிக் கொடுத்தேன். அதன்பின் அந்த முகாமிலிருந்து மாத்திரை தீர்ந்து வருகிறவரைக் காண்பது அரிதாகிவிட்டது.

இது புதுமையன்று. முகாம் மக்களே முகாமுக்கு நலப் பணியாளராக வேண்டும் என்பதை, 1984-இல் சா. செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நெடுநாள் முன்பே நடைமுறைப்படுத்தியது. தமிழ்நாட்டு முகாம்களில் அகதிகளுக்கே நலப் பயிற்சி தந்தது. சத்துக் குறைந்த குழந்தைகளுக்குச் சுருள்பாசி வளர்த்துக் கொடுத்தது. மகாராட்டிரத்தின் ஜாம்கேடில் 1970-இல் மருத்துவத் தம்பதியர் ரஜினிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே ஆகியோர் எழுத்தறியாத கிராமப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தே ஒரு வட்டாரத்தின் குழந்தை இறப்பைக் குறைத்தனர். அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜாக் கெய்கர் 1960-களில் நடத்திய நல மையத்தில், பட்டினியால் நோயுற்ற கறுப்பினக் குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவையே எழுதிக் கொடுத்தார்கள். மளிகைக் கடைக்கு மருந்து நிதியிலிருந்து பணம் போயிற்று. அந்த வழியை அவர் கற்றது தென்னாப்பிரிக்காவின் பொலேலா என்ற சிற்றூரில். அங்கே சிட்னி கார்க்கும் எமிலி கார்க்கும் 1940-இலேயே வீடு வீடாகச் சென்று குடும்பங்களைப் பதிந்து மருத்துவம் செய்தார்கள். இவர்கள் எல்லோரும் வியப்புக்குரியவர்கள்தாம். ஆனால் சிவப்பு மையில் செக்கிங் நாளைக் குறித்த அந்த அக்காவுக்கு இவர்களில் எவர் பெயரும் தெரியாது.

கூட வருபவர் வெளியே நிற்க வேண்டிய நேரம்

அயலார் கூட வருவதில் ஒரு சிக்கலும் உண்டு. மறைப்பது சரியன்று. ஒரு பெண் மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் இடுப்பு நோவு என்றார். நான்காம் முறை மொழிபெயர்க்க வந்தவரை வெளியே அமரச் சொன்னேன். கதவு சாத்தியதும் அழுதார். கணவர் குடித்துவிட்டு அடிப்பதை, அந்தக் கணவரின் தங்கை முறையான பெண்ணின் முன் அவரால் எப்படிச் சொல்ல முடியும்? காசநோய், கருத்தடை, மனநோய், மது ஆகியவற்றில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் வாழ்பவர்களுக்கு இரகசியம் என்பது விலையுயர்ந்த பொருள். காசநோய் என்று அறிந்தால் பிள்ளைகளை விளையாடச் சேர்க்க மாட்டார்கள் என அஞ்சி, மாவட்டம் தாண்டி மருந்து வாங்கிய இளைஞர் ஒருவரையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். யார் கூட வந்தாலும், பரிசோதனையின் ஒரு பகுதியில் நோயாளியுடன் செவிலியரும் நானும் மட்டுமே இருப்போம். கூட வந்தவர்கள் இதைத் தவறாக எண்ண வேண்டாம். நோயாளிகளே, நாங்கள் கேட்க மறந்தாலும் “தனியே கதைக்க வேணும்” என்று ஒரு சொல் சொல்லுங்கள், போதும்.

கையில் கொண்டு வர வேண்டியவை பற்றியும் சொல்லிவிடுகிறேன். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்பின்றிச் சேரலாம். இது தெரியாமல் அறுவைச் சிகிச்சைக்கு வட்டிக்குக் கடன் வாங்கிய குடும்பங்கள் உண்டு. முகாம் அடையாள அட்டையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில், நோய் வருமுன்பே பதிந்துகொள்ளுங்கள். பழைய மாத்திரை அட்டைகளைத் தூக்கி எறியாமல் எடுத்து வாருங்கள்; பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் அட்டை சொல்லும். சர்க்கரைக்கும் அழுத்தத்திற்கும் மாத்திரை எடுப்பவருக்குச் சத்தியோ வயிற்றுப்போக்கோ தொடங்கி நிற்காவிட்டால் அன்றே வாருங்கள், அல்லது 104-ஐ அழைத்துக் கேளுங்கள். மெட்ஃபார்மினையும் சில வகை அழுத்த மாத்திரைகளையும் சில நாள்களுக்கு நிறுத்த வேண்டியிருக்கலாம். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, குழந்தையின் பிறப்புப் பதிவு. இது மருத்துவச் செய்தியா என்று கேட்கலாம். 1987 சூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்பது நம் குடியுரிமைச் சட்டம். முகாமில் அந்நாளுக்கு முன் பிறந்தவர்க்கும் அது பொருந்தும் என்ற அடிப்படையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. அந்த நாளுக்குப் பின் பிறந்த பெரும்பாலோருக்கு அந்த வழி இல்லை. நன்றாகப் படித்தும் அரசுப் பணியில் சேர முடியாமல் நிற்கிறார்கள். நாளைக்குச் சட்டம் எவ்வாறு மாறும் என்பதை மருத்துவர் அறியார். ஆனால் அன்று ஏதோ ஒரு பிரசவ அறையில் ஒரு செவிலியர் தேதியைச் சரியாக எழுதியிருந்தால், இன்று ஒருவருக்கு அது ஒரு நாட்டைத் தரக்கூடும். பெயரும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று, மருத்துவமனையை விட்டுச் செல்லுமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

முதலில் சொன்ன அம்மையாரின் பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சில ஆண்டுகளுக்குப் பின் தற்செயலாகக் கண்டேன். செவிலியப் படிப்பு முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டு, “சார், நீங்கதானே சத்தி?” என்றாள். ஆம் என்றேன். அந்த அம்மையார் நலமா என்று கேட்டேன். மாதம் ஒருமுறை சிறுநீரக மருத்துவரிடம் போகிறார் என்றும், அந்த வாரம் அவர்கள் முகாமில் செக்கிங் என்பதால் தேதியை வியாழனுக்கு மாற்றச் சொல்லித் தான் பேசியிருப்பதாகவும் சொன்னாள்.